தறி ஓடினால் நகரமா?

ஈரோடு மாவட்டத்தில் காவிரிக் கரையோரம் ஓர் அம்மாபேட்டை இருக்கிறது. சேலம் மாநகராட்சியின் நான்கு மண்டலங்களில் ஒன்றுக்கும் அதே பெயர்தான். இரண்டு இடத்திலும் ஒழுகுகிற ஓட்டு வீட்டைப் பிரித்துவிட்டுத் தளம் போட்ட வீடு கட்டப் பணம் தேடும் குடும்பங்கள் உண்டு. ஆனால் மத்திய அரசின் கிராமப்புற வீட்டு வசதித் திட்டத்தில் இந்த இரண்டு ஊர்க்காரர்களுக்கும் இடமில்லை. ஒன்று பேரூராட்சி, மற்றது மாநகராட்சி. சட்டக் கணக்கில் இரண்டும் நகரம். ஈரோட்டு அம்மாபேட்டையின் பெயரைத் தாங்கிய ஊராட்சி ஒன்றியத்துக் கிராமங்களுக்கோ திட்டம் உண்டு. சேலத்துக்குக் கிழக்கே அயோத்தியாப்பட்டணத்திலும் இப்படித்தான்: பேரூராட்சிக்குள் ஒரு விதி, அதே பெயருள்ள ஒன்றியத்தின் ஊராட்சிகளில் இன்னொரு விதி.

இந்திரா ஆவாஸ் யோஜனாவுக்குப் பதிலாக 2016-இல் வந்தது இந்தத் திட்டம். சமவெளியில் வீடு ஒன்றுக்கு 1,20,000 ரூபாய். இதில் மத்திய அரசின் பங்கு 60 விழுக்காடு, மாநிலத்தின் பங்கு 40. வீடு குறைந்தது 25 சதுர மீட்டர், ஏறக்குறைய 269 சதுர அடி இருக்க வேண்டும். இது மானியம், திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. போதாதவர்கள் 70,000 ரூபாய் வரை வங்கிக் கடன் வாங்கவும் திட்டத்தில் வழி உண்டு. தமிழ்நாடு அரசு 2024-இல் அறிவித்த ‘கலைஞரின் கனவு இல்லம்’ குடிசையில் வாழ்பவர்களுக்கானது: 360 சதுர அடி, 3.5 லட்சம் ரூபாய், 2030-க்குள் 8 லட்சம் வீடுகள் என்பது இலக்கு. அதுவும் கிராம ஊராட்சிகளுக்குத்தான்.

மத்தியத் திட்டத்தில் பணம் ஒரே தவணையில் வராது. காலி இடம், அடித்தளம், லிண்டல், கூரை என்று வேலை ஏற ஏறக் கைபேசியில் படம் எடுத்து ஏற்ற வேண்டும். படத்தோடு அந்த இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் பதிவாகும். இதற்குப் பின்னால் இருக்கும் அறிவியல் எனக்கு இன்றும் வியப்புத்தான். 20,000 கிலோமீட்டருக்கும் மேலே சுற்றும் செயற்கைக்கோள்கள் அணுக்கடிகாரத்தின் நேரத்தை இடைவிடாமல் அறிவித்துக்கொண்டே இருக்கின்றன. அறிவிப்பு கிளம்பிய நேரத்துக்கும் கைபேசிக்கு வந்த நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தூரம் கிடைக்கும். மூன்று செயற்கைக்கோள்களின் தூரம் இடத்தைச் சொல்ல, நான்காவது செயற்கைக்கோள் கைபேசிக் கடிகாரத்தின் பிழையைத் திருத்துகிறது. நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு தவறினாலே இடம் 300 மீட்டர் தள்ளிப்போகும். அந்த அளவு துல்லியத்தோடு ஒரு குடிசையின் அடித்தளத்தை வானத்திலிருந்து அடையாளம் காண்கிறோம். ஆனாலும் சில மீட்டர் பிழை மிஞ்சத்தான் செய்யும். சுவரோடு சுவர் ஒட்டிய தறிக்காரர் தெருவில் சில மீட்டர் என்பது பக்கத்து வீடு.

வீடு எங்கே இருக்கிறது என்று செயற்கைக்கோள் சொல்லிவிடும். அந்த இடம் கிராமமா நகரமா என்று எந்தச் செயற்கைக்கோளாலும் சொல்ல முடியாது. அது அரசாணையில் இருக்கிறது. 2004-இல் தமிழ்நாட்டின் 500-க்கும் மேற்பட்ட பேரூராட்சிகள் ‘சிறப்பு கிராம ஊராட்சி’களாக மாற்றப்பட்டன. கிராமங்களுக்கான மத்திய நிதி கிடைக்கும் என்பது முக்கியக் காரணம். 2006-இல் அவை மீண்டும் பேரூராட்சிகள் ஆயின. நிலத்தில் ஒரு செங்கல்கூட நகரவில்லை. ஊர்கள் மட்டும் கிராமமாகப் போய் நகரமாகத் திரும்பின.

மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு வேறு அளவுகோல். குறைந்தது 5,000 பேர், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர், முதன்மைத் தொழில் செய்யும் ஆண்களில் 75 விழுக்காட்டினராவது வேளாண்மைக்கு வெளியே. மூன்றும் பொருந்தினால் ஊராட்சியாக இருந்தாலும் அது ‘கணக்கெடுப்பு நகரம்’. இந்த மூன்றாவது விதியைச் சேலம், நாமக்கல் சமவெளியில் நின்று யோசித்துப் பாருங்கள். பாவு ஓட்டுவதும் நாடா போடுவதும் வேளாண்மை அல்ல. பேருந்து நாளுக்கு நாலு தடவை வரும் ஊரானாலும், ஆட்கள் நிறைய இருந்து ஆண்கள் தறியில் உட்கார்ந்தால் அது நகரத்தின் பக்கம் சாய்ந்துவிடும். நெசவை நகரத் தொழிலாக எண்ணும் அளவுகோல் இந்த மண்ணுக்குப் பொருந்தாது என்றே நினைக்கிறேன். நாடு முழுவதும் இப்படிப்பட்ட ஊர்கள் 2001-இல் 1,362, 2011-இல் 3,894. கணக்கெடுப்பு நகரமானதால் மட்டும் கிராம வீட்டு உதவி போய்விடாது. ஊராட்சி பேரூராட்சியாகவோ மாநகராட்சியின் வார்டாகவோ ஆகும் அன்றுதான் போகும். மாநகராட்சியோடு இணைக்க வேண்டாம் என்று கிராமத்தார் மனுக் கொடுப்பதற்கு, வரி உயர்வோடு இதுவும் காரணம்.

அமெரிக்காவிலும் கிராமப்புற வீட்டுக் கடனுக்கு முதல் கேள்வி இடம்தான். அங்கே அரசு வங்கிக்கு உத்தரவாதம் தருகிறது. சில நிபந்தனைகளோடு 35,000 பேர் வரை உள்ள ஊர்களும் கிராமப்புறமாகச் சேரும். அந்தக் கணக்கில் நம் பேரூராட்சிகள் பலவும் உள்ளே வந்துவிடும்.

நம் கிராமப்புறத் திட்டத்தில் இடம் சரியாக இருந்தாலும் அடுத்த சல்லடை காத்திருக்கிறது. பைக், ஃபிரிட்ஜ், தரைவழித் தொலைபேசி இருந்தாலோ, வீட்டில் ஒருவர் மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் சம்பாதித்தாலோ முன்பு தள்ளுபடி. நெய்த சேலையை மொபெட்டில் கட்டி எடுத்துப்போய்க் கொடுக்கும் நெசவாளிக்கு அந்த வண்டி வசதியின் அடையாளமா? 2024-இல் இந்த மூன்று பொருள்களும் விதியிலிருந்து நீங்கின, வருமான வரம்பு 15,000 ஆனது. வேண்டிய திருத்தம், தாமதமாக வந்தது.

சேலத்து அம்மாபேட்டைக்காரர் கேட்க வேண்டியது நகர்ப்புறத் திட்டத்தை. 2024 செப்டம்பரில் அதன் இரண்டாம் கட்டம் தொடங்கியது. ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருந்து, சொந்த மனையில் கட்டுபவருக்கு மானியம் உண்டு. 9 லட்சம் வரை வருமானமுள்ளவர் 25 லட்சம் வரை வங்கிக் கடன் வாங்கினால், முதல் 8 லட்சத்துக்கு 4 விழுக்காடு வட்டி மானியம், ஐந்து தவணையாக அதிகபட்சம் 1.80 லட்சம் கிடைக்கும். வீட்டின் மதிப்பு 35 லட்சத்தைத் தாண்டக் கூடாது. நாட்டில் எங்கும் சொந்தமாகத் தளம் போட்ட வீடு இருக்கக் கூடாது. மனையில் கட்டுபவருக்கு மனை தன் பெயரில் இருக்க வேண்டும். பாட்டன் பெயரிலேயே பட்டா கிடக்கும் குடும்பங்கள் மனு எழுதுவதற்கு முன்பே தாலுகா அலுவலகத்தில் பெயர் மாற்றத்தைத் தொடங்கிவிடுவது நல்லது.