கணக்கில் வராத குழந்தைகள்

குழந்தைப் பருவ வளர்ச்சிக் குறைபாடுகளின் வேர் பெரும்பாலும் மூளையின் வளர்ச்சியிலும் மரபணுக்களிலும் உள்ளது. ஆயினும், குறைபாடுள்ள குழந்தை எந்த வயதில், எந்தப் பெயரால் அடையாளம் காணப்படுகிறது என்பதை வீடும் மொழியும் வழக்கமுமே நிர்ணயிக்கின்றன. சித்தூர் மாவட்டமும், அதன் ஒரு பகுதியையும் நெல்லூரின் ஒரு பகுதியையும் கொண்டு 2022-இல் அமைக்கப்பட்ட திருப்பதி மாவட்டமும் இதற்குத் தக்க சான்றுகளாகும்.

1911 வரை சித்தூர் வட ஆர்க்காட்டைச் சேர்ந்திருந்தது. எல்லையோர ஊர்களில் இன்றும் பல வீடுகளில் தமிழ் பேசப்படுகிறது; பள்ளியிலோ தெலுங்கு. எருகுலர் என்னும் பழங்குடியினர் தமிழுக்கு நெருங்கிய தனி மொழியொன்றைப் பேசுவர். இத்தகைய குழந்தையைத் தெலுங்கில் மட்டும் சோதித்தால், மொழி அறியாமை அறிவுக் குறைவாகப் பதிவாகிவிடும். இதற்கு நேர்மாறான தவறும் நிகழ்கிறது. உண்மையான பேச்சுத் தாமதத்தை, "இரண்டு மொழி கலந்ததால் வந்தது, தானே சரியாகும்" என்று ஒதுக்கிவிடுகின்றனர். இருமொழிச் சூழல் பேச்சுத் தாமதத்தை உண்டாக்குவதில்லை. தாமதம் இருப்பின் அது இரு மொழிகளிலும் தென்படும். ஆகவே, குழந்தை இரு மொழிகளிலும் அறிந்த சொற்களைச் சேர்த்தே எண்ணுதல் வேண்டும்.

ஆட்டிசம் மருத்துவமனைகளில் ஏறத்தாழ நான்கு சிறுவருக்கு ஒரு சிறுமி என்ற விகிதத்தில் பதிவாகிறது. மக்களிடையே நேரில் தேடிய ஆய்வுகளில் இவ்விகிதம் மூன்றுக்கு ஒன்றை நெருங்குகிறது. சிறுமியர் பிறரைப் பார்த்து நடந்து தம் இடர்ப்பாட்டை மறைத்துக் கொள்வதுண்டு. முகம் பார்த்துப் பேசாத சிறுமியை நம் வீடுகள் அடக்கமானவள் என்று பாராட்டவும் செய்கின்றன! பின்னாளில் திருமணம் தடைப்படுமோ என்ற அச்சமும் பெற்றோரைத் தயங்க வைக்கிறது.

தாய்மாமனை மணக்கும் வழக்கம் இப்பகுதிக்குப் புதிதன்று. இத்திருமணங்களில் பிறக்கும் குழந்தைகள் பெரும்பாலும் நலமாகவே உள்ளனர். எனினும், ஒரே பழுதுற்ற மரபணு இருபுறமிருந்தும் குழந்தைக்கு வந்து சேரும் வாய்ப்பு, அத்தை மகனை மணப்பதைக் காட்டிலும் இதில் இருமடங்காகும். பிறவிச் செவிட்டுக்கும் அறிவுக் குறைவின் சில வகைகளுக்கும் இது வழி வகுக்கக்கூடும்.

2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்படி, மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறையும் பள்ளிக்கு ஒருமுறையும் வருதல் வேண்டும். ஐதராபாத் உள்ளிட்ட ஐந்து இடங்களில் நடத்தப்பெற்று 2018-இல் வெளியான ஆய்வு, ஏறத்தாழ எட்டுக் குழந்தைகளில் ஒருவருக்கு ஏதேனுமொரு நரம்பு வளர்ச்சிக் குறைபாடு இருப்பதாகக் கண்டது. ஒரு மண்டலத்தின் பதிவேடு இதற்கு வெகுவாகக் குறைந்திருப்பின், அங்கு நோய் குறைவென்று கொள்வதைவிடத் தேடல் குறைவென்று ஐயுறுவதே முறை. சூளூர்ப்பேட்டைப் பக்கத்து யானாதிக் குடும்பங்கள் கூலி வேலைக்கு வெளியூர் சென்றிருக்கும் மாதங்களில் குழு வந்தால், அவர்தம் குழந்தைகள் ஏட்டில் ஏறமாட்டார்கள். குழுவின் வருகையை அவர்கள் ஊர் திரும்பும் காலத்தோடு பொருத்துவதற்குத் தனி நிதி ஒதுக்கீடு தேவைப்படாது.