கடல் நீர்நாயின் ஆகாரம்

வயிறு நிறையத் தின்பதையே குற்றமாக வைத்து ஒரு பிராணியின்மீது வழக்குத் தொடுக்கலாகுமா? அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள கலிபோர்னியாவில் ஏறக்குறைய அத்தகைய வழக்கொன்று பல்லாண்டு காலம் நடந்தது. வாதிகள், அபலோன் என்னும் பெருஞ் சிப்பியைக் கடலில் மூழ்கியெடுத்து ஜீவனம் செய்தவர்கள். பிரதிவாதி, கடல் நீர்நாய். தங்கள் பிழைப்புக்கு ஆதாரமான சரக்கை இது சூறையாடுகிறதென்பது அவர்கள் கட்சி. தீர்ப்புக் கூறுமுன், பிரதிவாதி எதை, எப்படி, எதனால் தின்கிறதென்பதை நேயர்கள் அறிந்துகொள்வது நியாயமென்று கருதுகிறோம்.

நீர்நாய் நமக்குப் புதிய பிராணியன்று. அது வாளை மீனைப் பற்றித் தின்பதைச் சங்கப் புலவர்களே பாடியிருக்கிறார்கள். ஆயினும், பாறைகள் அடர்ந்த பசிபிக் கரையில் வாழும் அதன் உறவினனுடைய நிலைமை வேறு. குளிர்ந்த கடலில் வாழும் திமிங்கிலத்திற்கும் சீலுக்கும் தோலின் கீழே தடித்த கொழுப்பு உண்டு. இதற்கு அந்தப் பாக்கியமில்லை, ரோமமே போர்வை. ஒரு சதுர அங்குலத்தில் பத்து லட்சம் மயிர்கள் வரையில் நெருங்கியிருக்கும் அப்போர்வையும் போதாமையால், வயிற்றிலே தீ ஓயாமல் எரிந்துகொண்டிருக்க வேண்டும். தன் எடையில் ஏறக்குறைய கால் பங்கை அது நாள்தோறும் தின்றாக வேண்டும். முப்பது கிலோ எடையுள்ள பிராணிக்கு ஏழு கிலோவுக்குக் குறையாத ஆகாரம்! இதைப் பேராசை என்பது தகாது.

அது உண்ணும் விதமோ வெகு விசித்திரமானது. மூழ்கி ஒன்றிரண்டு நிமிஷத்திற்குள் பாறையிடுக்குகளை முன்கால்களால் துழாவி, நண்டு, மட்டி, நத்தை, கடல் முள்ளெலி ஆகியவற்றை எடுத்து, அக்குளின் கீழுள்ள தொங்கு தோற்பையில் செருகிக்கொண்டு மேலே வருகிறது. பிறகு மல்லாந்து மிதக்கிறது. அதன் மார்பே இலை, அதுவே அம்மியுங்கூட. கல்லொன்றை மார்பின்மீது வைத்து, சிப்பியை இரு கையாலும் பிடித்து அதன்மேல் ஓங்கி ஓங்கி அடித்து உடைக்கிறது. இடையிடையே புரண்டு எச்சிலைக் கழுவிக்கொள்ளும் ஆசாரமும் உண்டு. கல்லைப் பயன்படுத்துவது வெறும் விளையாட்டன்று. மான்டெரே கடற்பகுதியில் 196 நீர்நாய்களைத் தொடர்ந்து கவனித்து 2024-ல் வெளியான ஆராய்ச்சி, கருவியை மிகுதியாகக் கையாண்டவற்றின் பற்கள் குறைவாகவே சேதமுற்றன என்று காட்டியது. பல் போனால் இப்பிராணிக்குப் பட்டினியே கதி. மேலும், உணவு அரிதான இடங்களில் ஒன்று நண்டையே நாடும். மற்றொன்று நத்தையையே நாடும். இந்த ருசி தாயிடமிருந்து குட்டிக்கு வருகிறது.

இத்தனை சிறப்புடைய ரோமமே அதற்கு எமனாயிற்று. 1741-ல் பேரிங்கின் கப்பலில் சென்று, கரை தட்டி, மறு ஆண்டு பிழைத்துத் திரும்பிய மாலுமிகள் கொண்டுவந்த தோல்களைக் கண்டு ருஷ்ய வியாபாரிகள் அலாஸ்கா பக்கம் பாய்ந்தார்கள். அலூஷியன் தீவு மக்களின் பெண்டு பிள்ளைகளைப் பிணையாக வைத்துக்கொண்டு ஆடவரை வேட்டைக்கு விரட்டினார்கள். அந்நிய வியாபாரம் பிற நாட்டுக் கரையில் இறங்கினால் நடப்பது இதுவே. நம்மவருக்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. 1911-ல் அமெரிக்கா, பிரிட்டன், ருஷ்யா, ஜப்பான் நான்கும் உடன்படிக்கை செய்துகொண்டபோது, லட்சக்கணக்கில் இருந்தவற்றுள் எஞ்சியவை இரண்டாயிரத்துக்கு மேலிரா. கலிபோர்னியாவில் ஒன்றுமே இல்லையென்று உலகம் நம்பியிருக்க, 1938-ல் பிக் ஸர் பக்கம் சுமார் ஐம்பது காணப்பட்டன.

வாதிகள் மறந்த விஷயம் இங்கேதான் இருக்கிறது. நீர்நாய் ஒழிந்த காலத்தில் தின்பாரற்றுப் பெருகிய அபலோனையே அவர்கள் இயற்கையின் நிரந்தரக் கொடை என்று எண்ணிவிட்டார்கள். நீர்நாய் திரும்பிய இடங்களில் அவர்கள் தொழில் நசித்தது மெய்யே; அந்தக் கஷ்டத்தை நாம் அலட்சியம் செய்யவில்லை. ஆனால் நீர்நாய் எட்டிப்பாராத தென் பகுதியிலும் மனிதரின் வேட்டையாலும் நோயாலும் அபலோன் அருகி, 1997-ல் வியாபாரத்திற்காக அதை எடுப்பதே தடுக்கப்பட்டது. அங்கே சிப்பியைத் தின்றவர் யார்? 1987 முதல் 140 நீர்நாய்களைப் பிடித்து ஸான் நிகலஸ் தீவில் விட்டு, மற்றத் தென் கடலில் அவை நுழையலாகாதென்று சர்க்கார் எல்லை வகுத்தது. பல நீந்தித் தம் பழைய கரைக்கே போய்விட்டன. 2012-ல் அவ்வெல்லை கைவிடப்பட்டது.

பிரதிவாதி பக்கத்துச் சாட்சியம் ஒன்றும் உண்டு. எஸ்டிஸ், பால்மிஸானோ என்னும் இருவர், நீர்நாயுள்ள அலூஷியன் தீவுகளையும் இல்லாத தீவுகளையும் ஒப்பிட்டு 1974-ல் எழுதினார்கள். முன்னவற்றில் கெல்ப் என்னும் நெடும் பாசிக்காடு செழித்திருந்தது. பின்னவற்றில் கடல் முள்ளெலிகள் அதை வேரோடு மேய்ந்து, கடலடியை மொட்டைப் பாறையாக்கியிருந்தன. முள்ளெலியை நீர்நாய் தின்பதால் காடு பிழைக்கிறது. காட்டை அண்டி மீன்கள் பிழைக்கின்றன.

இதைக் கொண்டு நீர்நாயை அளவுக்கு மீறிப் புகழ்வோரும் இருக்கிறார்கள். 2013-க்குப் பிறகு, முள்ளெலியைத் தின்னும் பெரிய நட்சத்திர மீன்கள் கொள்ளைநோயால் மாண்டபோது, மான்டெரே பக்கம் முள்ளெலிகள் பெருகிப் பாசிக்காடு திட்டுத்திட்டாகக் குறைந்தது. நீர்நாய்கள் முன்னிலும் அதிகமாக முள்ளெலியைத் தின்றன; எனினும் எஞ்சிய பாசித் திட்டுகளில் கொழுத்திருந்தவற்றை மட்டுமே எடுத்தன. மொட்டைப் பாறைமேல் பட்டினி கிடக்கும் முள்ளெலியின் ஓட்டுக்குள் ஒன்றுமிராது. அதைத் தேடி நீர்நாய் மூழ்குவதேயில்லை.