புசல்லாவை வீதி: மாட்டு வண்டி முதல் சைக்கிள் வரை

கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் ஏ5 வீதியில் ஏறத்தாழ 20 கிலோமீற்றர் போனால் புசல்லாவை வரும். கண்டி மாவட்டமும் நுவரெலியா மாவட்டமும் தொட்டுக்கொள்ளும் எல்லையில் நிற்கும் சிறிய மலைநகரம் இது. இன்று சைக்கிளில் மலையகம் சுற்ற வருகிறவர்கள் விரும்பித் தேடும் வட்டம் இதைச் சுற்றித்தான் இருக்கிறது. கம்பளையில் புறப்பட்டு, மாவத்துறைப் பக்கம் போய்க் கொத்மலை அணைக்கட்டைப் பார்த்துவிட்டு, நீர்த்தேக்கத்தைச் சூழ்ந்த கிராமங்கள் வழியாகத் தவலந்தென்னைச் சந்திக்கு வந்து, அங்கிருந்து ஏ5 வழியே கட்டுகித்துல, புசல்லாவை என்று திரும்பவும் கம்பளைக்கு இறங்கலாம். காலில் பலம் மிச்சமிருப்பவர்கள் தவலந்தென்னையிலிருந்து இறம்பொடை, லபுக்கலை என்று நுவரெலியா வரைக்கும் மிதிக்கிறார்கள்.

ஒரு பக்கம் நீர், மறுபக்கம் தேயிலை, தலைக்கு மேலே காடு. இந்த மூன்றுக்கும் ஒரு பழைய கதை உண்டு. அதைத் தெரிந்துகொண்டு மிதித்தால்தான் இந்த வீதி முழுதாகக் கண்ணில் படும்.

வீதி

1824 முதல் 1831 வரை இலங்கையின் ஆளுநராக இருந்த எட்வர்ட் பார்ன்ஸ், கண்டியைக் கொழும்போடு வீதியால் இணைத்தவர். நுவரெலியாவின் குளிரில் மயங்கி அங்கே தனக்கொரு மாளிகையும் கட்டினார். கண்டி, கம்பளை, புசல்லாவை, இறம்பொடை என்று மலை ஏறும் வழியே அன்று நுவரெலியாவின் வாசல். பின்னாலேயே காப்பி வந்தது. ரொத்சைல்ட் குடும்பத்தின் உறவினர்களான டி வொர்ம்ஸ் சகோதரர்கள் புசல்லாவையில் காடு வெட்டித் தோட்டம் போட்டார்கள். இன்றும் அதற்கு ரொத்சைல்ட் தோட்டம் என்றே பெயர். 1841இல் மொரிஸ் டி வொர்ம்ஸ் சீனத்துத் தேயிலைக் கன்றுகளைக் கொண்டுவந்து இங்கே நட்டுப் பார்த்தார். லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் வணிகத்துக்காகத் தேயிலை பயிரிட்டது 1867இல். அதற்குக் கால் நூற்றாண்டு முன்பே இந்த மண் தேயிலையைக் கண்டுவிட்டது.

அந்தக் காடுகளை வெட்டியவர்கள் யார்? தமிழ்நாட்டிலிருந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டையும் தம்புள்ளையையும் மாத்தளையையும் நடந்தே கடந்து வந்த நம் முன்னோர். காய்ச்சலிலும் பேதியிலும் வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம். தப்பியவர்கள் கண்டியைத் தாண்டிக் கம்பளைக்கு வந்து, இதே ஏற்றத்தில் கங்காணிக்குப் பின்னால் ஏறினார்கள். இன்று சைக்கிள் பயணி மூச்சு வாங்கும் ஒவ்வொரு வளைவிலும் சட்டி முட்டியும் பிள்ளையுமாக அவர்கள் ஏறியிருக்கிறார்கள்.

காப்பி மூட்டைகள் மாட்டு வண்டியில் இறங்கின. அரிசியும் கருவாடும் அதே வண்டியில் ஏறின. ரயில்தான் இதை மாற்றியது. 1867இல் அது கண்டிக்கு வந்தது, 1874இல் நாவலப்பிட்டியைத் தொட்டது, 1885இல் நானுஓயாவை எட்டியது. நுவரெலியாவுக்குப் போகும் பெரிய மனிதர்கள் ரயிலுக்கு மாறினார்கள். புசல்லாவை வீதி தோட்டத்துச் சனங்களுக்கும் சரக்குக்குமான வீதியாக மிஞ்சியது.

தோட்டத்துக்குள் சைக்கிள் அபூர்வமாகத்தான் இருந்தது. யாழ்ப்பாணத்தின் சமதரையில் வீட்டுக்கு வீடு சைக்கிள் நின்ற காலத்தில் மலையகத்துக்குக் கால்தான் வாகனம். லயத்திலிருந்து காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்துக்கும், மலையிலிருந்து கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கும், தோட்டத்திலிருந்து டவுனுக்கும் நடைதான். பள்ளிக்கூடத்துக்குக் காலையில் இறங்கி மாலையில் ஏறிய பிள்ளைகள் எத்தனையோ பேர், இன்றும் ஏறிக்கொண்டிருக்கிறார்கள். பொழுதுபோக்குக்காக ஒருவர் இந்த மலையில் சைக்கிள் மிதிப்பார் என்று அன்றைக்குச் சொல்லியிருந்தால் யாரும் நம்பியிருக்கமாட்டார்கள்.

நீர்

அணைக்கட்டு எழும் முன் இந்த வட்டத்தின் நடுவே ஏரி கிடையாது. கொத்மலை ஓயா ஓடிய பள்ளத்தாக்கில் வயல்களும் விகாரைகளும் பழைய சிங்களக் கிராமங்களும் இருந்தன. துட்டகைமுனு இளவரசனாக ஒளிந்து வாழ்ந்த இடம் என்று மரபு சொல்லும் மண் அது. துரித மகாவலித் திட்டத்தின் கீழ் 1979இல் அணைக்கட்டு வேலை தொடங்கியது. சுவீடன் நிதி தந்தது. 1985இல் திறக்கப்பட்ட அணை 87 மீற்றர் உயரமும் 600 மீற்றர் நீளமும் கொண்ட பாறை நிரப்பு அணை. அதன் நிலத்தடி மின்நிலையம் 201 மெகாவாற் வரை மின்சாரம் தருகிறது.

அந்த நீருக்காகச் சுமார் 3,000 குடும்பங்கள் பள்ளத்தாக்கை விட்டுப் போயின. பலர் தூரத்து மகாவலிக் குடியேற்றங்களின் வெப்ப வலயத்தில் புதிதாக வாழப் பழக வேண்டியிருந்தது. மூழ்கிய விகாரைகளின் நினைவாக அணைக்கு அருகே மகாவலி மகா சேயா என்னும் தாதுகோபம் எழுந்தது. கடும் வறட்சியில் நீர் வற்றும்போது கடதொர விகாரையின் இடிபாடுகள் வெளியே தெரியும். ஊர் இழந்தவர்களின் பிள்ளைகளும் பேரர்களும் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். தோட்டத் தமிழரின் உழைப்பு மேலே மலையில் படிந்திருக்கிறது. கிராமத்துச் சிங்களவரின் இழப்பு கீழே நீரில் கிடக்கிறது. இரண்டையும் ஒரே பார்வையில் தருகிறது இந்த வட்டம்.

இறம்பொடையில் வீதியோரம் மேட்டில் நிற்கும் 18 அடி அனுமன், 2001இல் சின்மயா மிஷன் கட்டிய கோயிலுக்குரியவர். அங்கே சைக்கிளைச் சாத்திவிட்டு நின்றால் நீர்த்தேக்கம் விரிந்து தெரியும். அருகே 109 மீற்றர் விழும் இறம்பொடை அருவி. தலவாக்கலைப் பக்கத்தில் நிலைமை வேறு. 2012இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலைத் திட்டம் 150 மெகாவாற் தருகிறது. அதனால் அங்குள்ள சென் கிளேயர் அருவி பழைய பெருக்கை இழந்தது. மின்சாரம் வந்ததில் மகிழ்ச்சிதான், ஆனால் ஓர் அருவி அதற்கு விலையாகப் போனதை மறக்கக்கூடாது.

காடு

பயணிகள் படம் எடுக்கும் மலைச்சரிவில் பெரும்பகுதி ஒரு காலத்தில் மழைக்காடு. காப்பிக்காக அதை வெட்டி எரித்தார்கள். 1869இல் தொடங்கிய இலைத்துரு நோய் காப்பியை அழிக்க, வெறுமையான சரிவுகளில் தேயிலை ஏறியது. உச்சிகளில் மட்டும் காடு மிஞ்சியதற்குக் காரணம் உண்டு. தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் 1873இல் எச்சரித்ததைக் கேட்டு, 5,000 அடிக்கு மேலுள்ள அரச காட்டைத் தோட்டங்களுக்கு விற்பதை ஆட்சியாளர்கள் நிறுத்தினார்கள். லபுக்கலைக்கு மேலே மேகம் தங்கும் காடுகள் இன்றும் நிற்கின்றன. கொத்மலைக்கு வரும் நீரில் ஒரு பகுதி அங்கிருந்துதான் ஊறுகிறது. தரிசான சரிவுகளில் பிற்காலத்தில் நட்ட பைனும் யூக்கலிப்டசும் கண்ணுக்குப் பச்சைதான். மண்ணைப் பிடிப்பதிலும் நீரைச் சேமிப்பதிலும் அவை பழைய காட்டுக்கு ஈடாகா.

காடு போன சரிவுகள் மழைக்குத் தாங்குவதில்லை. மண்சரியும் இடத்தைத் தவிர்க்கத்தான் இறம்பொடையில் 225 மீற்றர் சுரங்கப்பாதை குடையப்பட்டு 2008இல் முடிந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொட்டிய மழையில் மலையகமெங்கும் சரிவுகள் இறங்கி, கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் நூற்றுக்கணக்கான உயிர்கள் போயின. அழகான சரிவுக்குக் கீழேதான் லயங்கள் இருக்கின்றன என்பதை அந்த மழை எல்லாருக்கும் காட்டிவிட்டது.

இன்றைய வீதி

நல்ல தார், அகன்ற வளைவு, கடைக்குக் கடை தேத்தண்ணி. சைக்கிளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும் என்று தோன்றும். ஆனால் வீதி வேகமாகிவிட்டது. 2025 மே 11 அதிகாலை, கதிர்காமத்திலிருந்து குருநாகல் நோக்கிப் போன பஸ் இறம்பொடை கரண்டிஎல்லைப் பள்ளத்தில் கவிழ்ந்து 20க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இறங்கும்போது பஸ்ஸுக்கும் லொறிக்கும் பிரேக் சூடேறும் வீதி இது. சைக்கிளில் இறங்குகிறவர் இரண்டு பிரேக்கையும் விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும். சுரங்கப்பாதைக்குள் முன்னும் பின்னும் விளக்கு வேண்டும். பிற்பகல் மூட்டத்துக்கு முன் மலையை விட்டுவிட வேண்டும். தென்மேற்குப் பருவமழை பெய்யும் மே முதல் செப்டெம்பர் வரை இந்தப் பக்கம் கவனம். தை, மாசி, பங்குனி ஏற்ற காலம்.

பயணியின் கவனம் மட்டும் போதாது. இந்த வீதியின் ஓரத்தில் தினமும் நடப்பவர்கள் கொழுந்துக்காரப் பெண்களும் பள்ளிப் பிள்ளைகளும். வளைவுகளில் நடைபாதையும் தடுப்பும், பாதசாரியையும் சைக்கிளையும் முன்கூட்டியே காட்டும் பலகைகளும் முதலில் தேவைப்படுவது அவர்களுக்கு. 2022இல் பெற்றோல் இல்லாமல் நாடே வரிசையில் நின்றபோது, எண்ணெய் கேட்காத வண்டியின் அருமையை எல்லாரும் உணர்ந்தோம். அந்த உணர்வு வீதித் திட்டத்தில் இன்னும் ஏறவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காரில் வருகிறவர் அருவியில் நின்று படம் பிடித்துவிட்டு நுவரெலியாவில் பணம் செலவழிக்கிறார். சைக்கிளில் வருகிறவர் களைத்து நிற்பது கட்டுகித்துலயிலும் புசல்லாவையிலும்தான். அவருக்கு வடையும் தேத்தண்ணியும் வாழைப்பழமும் வேண்டும், டயர் ஒட்ட ஆள் வேண்டும், இரவு தங்க அறை வேண்டும். தோட்டத்தை விட்டுக் கொழும்புக்கு வேலை தேடிப் போகும் நம் பிள்ளைகளில் சிலருக்காவது ஊரிலேயே பிழைப்புத் தரக்கூடிய வழி இது. சைக்கிள் திருத்தவும், வழிகாட்டவும், இந்த மலையின் கதையைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் சொல்லவும் அவர்களைப் பழக்கலாம்.

வீதி அபிவிருத்தி அதிகார சபையும் பிரதேச சபைகளும் கொத்மலை வட்டத்தைச் சைக்கிளுக்கும் நடைக்கும் உரிய வழியாக அறிவித்து, அதற்கேற்ப வீதியோரத்தைத் திருத்த வேண்டும். மண்சரிவு அபாயமுள்ள லயங்களிலிருந்து மக்களைப் பாதுகாப்பான காணிக்கும் வீட்டுக்கும் மாற்றுவது அதற்கும் முந்திய வேலை. மிதிக்க வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: புசல்லாவையில் இறங்குங்கள், சாப்பிடுங்கள், பேசுங்கள். இந்த மலையை உண்டாக்கியவர்களின் பிள்ளைகள் அங்கேதான் இருக்கிறார்கள்.