பளிங்குச் சுவருக்குள் பழைய காகிதங்கள்

அமெரிக்காவிலுள்ள பிள்ளைகள் வீட்டுக்குப் போகும் நம் அன்பர்கள் நயாகராவைப் பார்க்காமல் திரும்புவதில்லை. அப்படியே நியூ ஹேவன் நகரில், யேல் பல்கலைக்கழகத்தின் பைனக்கி நூலகத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள் என்பது என் சிபாரிசு. கண்காட்சிக் கூடத்துக்குக் கட்டணம் கிடையாது.

யேலுக்கும் நமக்கும் பழைய உறவு உண்டு. 1687 முதல் 1692 வரை சென்னைக் கோட்டையில் கவர்னராயிருந்த எலிஹு யேல் அனுப்பிய 417 புத்தகங்களும் சரக்கு மூட்டைகளுமே 1718-ல் அந்தக் கல்லூரிக்கு அவர் பெயரை வாங்கித் தந்தன. அவர் காலத்தில் அதே கோட்டையிலிருந்து அடிமைகளும் கப்பலேற்றப்பட்டார்கள் என்பதையும் மறக்கலாகாது.

1963-ல் திறந்த இந்த நூலகத்தின் கட்டுமானம்தான் என்னை முதலில் கவர்ந்தது. மேல் சுவர்களில் ஜன்னலுக்குப் பதில் ஒன்றேகால் அங்குலக் கனமுள்ள பளிங்குப் பலகைகள். வெளிச்சம் தேன் நிறத்தில் கசிந்து வரும். காகிதத்தைக் கெடுக்கும் கடும் வெயில் வராது. நடுவே ஆறு அடுக்குக் கண்ணாடிக் கோபுரத்தில் சுமார் 1,80,000 நூல்கள்.

1977-ல் இங்கே வண்டு புகுந்துவிட்டது. மருந்து அடிக்கவில்லை. புத்தகங்களை உறையிட்டு, பூஜ்யத்துக்குக் கீழே 36 டிகிரி செல்சியஸ் குளிரில் மூன்று நாள் வைத்துப் பூச்சியை ஒழித்தார்கள். பரணில் கரையானுக்கு மண்ணெண்ணெய் தெளித்தே பழகிய எனக்கு இது புதுப்பாடம்!

உள்ளே இருப்பவை பலவகை. கூட்டன்பர்க் அச்சிட்ட பைபிள், எகிப்திய பாப்பிரஸ் ஏடுகள், கறுப்பினக் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸின் கடிதங்கள், இன்றுவரை யாராலும் படிக்க முடியாத வாய்னிச் சுவடி. கொலம்பஸுக்கு முந்தியது என்று 1965-ல் பெரிதாக அறிவித்த வின்லாந்து வரைபடமும் உண்டு. மையில் இருபதாம் நூற்றாண்டு டைட்டானியம் இருப்பதைக் கண்டு, அது போலி என்று 2021-ல் யேலே ஒப்புக்கொண்டது. ஆனாலும் தூக்கி எறியவில்லை. போலியும் ஒரு சரித்திரச் சான்றுதானே!

ஊர்விட்டு ஊர் வந்த நம் வீடுகளிலும் சான்றுகள் உண்டு: முதல் பொங்கல் விழா நோட்டீஸ், நாடக அழைப்பிதழ், ஊரிலிருந்து வந்த இன்லண்ட் கடிதம். வீடு மாற்றும்போது இவைதாம் முதலில் பழைய பேப்பர்காரரிடம் போகின்றன. அவர் கிலோவுக்குத் தருவது சொற்பம். போனால் நாம் இங்கே வந்து வாழ்ந்த கதைக்கு அத்தாட்சி கிடையாது. பளிங்கு மாளிகை வேண்டாம். நம் சங்கத்தில் ஓர் இரும்பு அலமாரி போதும். அடுத்த பொதுக்குழுவில் இதைப் பேசுவோமா?