கூட்டலா, கழித்தலா டீச்சர்?

பக்கத்து வீட்டுப் பெண் நாலாம் வகுப்பு படிக்கிறாள். நான் பணி ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆகியும் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு இன்னும் டீச்சர்தான். போன மாதம் ஒரு சாயங்காலம் கணக்கு நோட்டோடு வந்து நின்றாள். வீட்டுப்பாடத்தில் இருந்த கணக்கு இது:

‘ஒரு கடைக்காரர் 4 தட்டு முட்டைகள் வாங்கினார். ஒரு தட்டில் 30 முட்டைகள் இருந்தன. வரும் வழியில் 8 முட்டைகள் உடைந்துவிட்டன. மீதியை ஒன்று 6 ரூபாய் வீதம் விற்றார் எனில், அவருக்குக் கிடைத்த பணம் எவ்வளவு?’

அவள் 4, 30, 8, 6 நான்கையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் கூட்டி, 48 என்று அடியில் கோடு போட்டிருந்தாள். கூட்டலில் பிழையே இல்லை. நான் ஒன்றும் சொல்லாமல் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்குப் பொறுக்கவில்லை. “கூட்டல் இல்லையா? அப்போ கழித்தலா டீச்சர்?” என்றாள்.

முப்பது வருடம் வகுப்பறையில் நான் கேட்ட கேள்வி இது. எந்த ஊருக்கு மாற்றலாகிப் போனாலும், எந்த வகுப்பை எடுத்தாலும், வாக்கியக் கணக்கைக் கரும்பலகையில் எழுதி முடிப்பதற்குள் பின்வரிசையிலிருந்து இந்தக் குரல் வந்துவிடும். கணக்கில் என்ன நடக்கிறது என்று கேட்ட பிள்ளைகளை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம்.

இதில் எங்கள் பங்கு பெரியது. ‘மொத்தம்’ என்று வந்தால் கூட்டு, ‘மீதி’ வந்தால் கழி, ‘வீதம்’ வந்தால் பெருக்கு, ‘சமமாக’ வந்தால் வகு. இந்தப் பட்டியலைக் கரும்பலகை ஓரத்தில் எழுதிப்போட்ட ஆசிரியர்களில் நானும் ஒருத்தி. ஒரே படியில் முடியும் கணக்குக்கு இது பெரும்பாலும் பலிக்கும், பிள்ளைகள் மதிப்பெண்ணும் வாங்குவார்கள். அதனால்தான் இது வேரோடிப் போயிற்று. முட்டைக் கணக்கில் ‘மீதி’யும் இருக்கிறது, ‘வீத’மும் இருக்கிறது. எதை முதலில் செய்வது? அதைவிட, செய்ய வேண்டிய முதல் வேலைக்கு அந்தக் கணக்கில் எந்தக் குறிச்சொல்லும் கிடையாது. இத்தனை தட்டு, தட்டுக்கு இத்தனை முட்டை என்று மட்டும் சொல்லிவிட்டுக் கணக்கு நகர்ந்துவிடுகிறது.

நோட்டை மூடி வைத்துவிட்டு, “கணக்கை விடு கண்ணு. அந்தக் கடைக்காரருக்கு என்ன ஆச்சு, சொல்லு” என்றேன்.

“முட்டை வாங்கிட்டு வந்தாரு. வழியில கொஞ்சம் உடைஞ்சிருச்சு. மிச்சத்தை வித்தாரு.”

“எத்தனை முட்டை வாங்கினாரு?”

யோசித்தாள். நோட்டைத் திறந்து மறுபடி படித்துப் பார்த்தாள். “அது போடலையே டீச்சர்!”

பல படிக் கணக்கின் சிக்கல் முழுவதும் அந்த ஒரு வரியில் இருக்கிறது. ‘கிடைத்த பணம் எவ்வளவு’ என்ற கேள்வியைப் புத்தகம் கேட்கிறது. ‘மொத்தம் எத்தனை முட்டை’, ‘உடையாமல் தேறியது எத்தனை’ என்ற இரண்டு கேள்விகளைப் புத்தகம் கேட்பதில்லை. அவற்றைப் பிள்ளையே தனக்குத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் நான்கும் தெரிந்த குழந்தை இங்கே திகைத்து நிற்பதற்குக் காரணம், கேட்கப்படாத கேள்வியைக் கேட்க நாம் அதைப் பழக்காததுதான்.

“போடலைன்னா என்ன, நீ கண்டுபிடிக்க முடியாதா?” என்றேன். தட்டைக் கையால் காற்றில் அடுக்கினாள். “முப்பது, அறுபது, தொண்ணூறு, நூத்தி இருபது!” அதற்கப்புறம் நான் வாய் திறக்கவில்லை. 120இல் 8 போக 112, 112ஐ 6ஆல் பெருக்க 672 ரூபாய். இடையில் ஒரே ஒரு சந்தேகம் கேட்டாள்: “வீதம்னா என்ன?” தெருமுனைக் கடையில் முட்டை ஒண்ணு ஆறு ரூபாய் என்று வாங்கிவரும் பெண்ணுக்கு ‘ஒன்று 6 ரூபாய் வீதம்’ புரியவில்லை.

நம் பாடநூல் தமிழைப் பற்றி இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். ‘எனில்’, ‘தலா’, ‘வீதம்’, ‘காண்க’ என்ற சொற்களைக் கணக்குப் புத்தகத்துக்கு வெளியே ஒரு பத்து வயதுக் குழந்தை எங்கே கேட்கிறது? வீட்டில் அது கேட்பது ‘ஆளுக்கு ரெண்டு’, ‘ஒண்ணு எவ்ளோ’, ‘போக மிச்சம்’. பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் உள்ள தூரத்தைக் கடந்த பிறகுதான் எங்கள் பிள்ளைகள் கணக்கின் வாசலுக்கே வருகிறார்கள். எழுத்துத் தமிழ் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அதைக் கற்றுத்தான் ஆக வேண்டும். ஆனால் கணக்கை ஒருமுறை வாசித்ததும், குழந்தையின் வாய்மொழியில் அதைத் திருப்பிச் சொல்லச் சொல்லாமல் பென்சிலைக் கையில் கொடுப்பது பிழை. தமிழ்நாடு அரசு 2022இல் தொடங்கிய தொடக்கக் கல்வித் திட்டத்துக்கு ‘எண்ணும் எழுத்தும்’ என்று பெயர் வைத்தார்கள். பொருத்தமான பெயர். எண்ணும் எழுத்தும் ஒரே வரியில் சந்திக்கும் இடம் வாக்கியக் கணக்குதான்.

குழந்தைகள் கதையைப் பார்க்காமல் எண்களைப் பொறுக்குவது நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. 1980 வாக்கில் பிரான்ஸின் கிரெனோபிள் நகரத்துக் கணிதக் கல்வி ஆய்வாளர்கள், சின்ன வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு கணக்குக் கொடுத்தார்கள். ஒரு கப்பலில் 26 செம்மறி ஆடுகளும் 10 வெள்ளாடுகளும் இருக்கின்றன. கப்பல் தலைவரின் வயது என்ன? 97 பிள்ளைகளில் 76 பேர் அந்த எண்களை வைத்தே ஒரு வயதைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டார்கள். பெரும்பாலும் 36. அந்தப் பிள்ளைகள் முட்டாள்கள் என்று நான் நினைக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் எண் கொடுத்தால் ஏதாவது செய்து விடை எழுத வேண்டும் என்ற பாடத்தை அவர்கள் மிக நன்றாகக் கற்றிருந்தார்கள்.

அமெரிக்காவில் அதே காலகட்டத்தில் 13 வயது மாணவர்களுக்கு நடந்த தேசியத் தேர்வில் ஒரு கேள்வி. ராணுவப் பேருந்து ஒன்றில் 36 பேர் ஏறலாம். 1,128 வீரர்களை ஏற்றிச் செல்ல எத்தனை பேருந்து வேண்டும்? வகுத்தலைச் சரியாகச் செய்தவர்கள் சுமார் 70 சதவீதம். 32 என்று சரியான விடை சொன்னவர்கள் 23 சதவீதம் மட்டுமே. 29 சதவீதம் பேர் ‘31, மீதி 12’ என்று எழுதினார்கள். அந்த மீதி 12 பேர் சாலையோரத்தில் நிற்கிறார்கள் என்பது அவர்கள் கண்ணில் படவே இல்லை.

இதற்கு நேர் எதிரான ஒரு காட்சியும் உண்டு. அதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் வலிக்கும். பிரேசில் நாட்டின் ரெசிஃபி நகரச் சந்தையில் பண்டம் விற்ற ஐந்து பிள்ளைகளை ஆராய்ந்து 1985இல் ஒரு கட்டுரை வெளியானது. ஆய்வாளர்கள் வாடிக்கையாளர்கள்போல் போய் நின்று கணக்குக் கேட்டார்கள். அந்தப் பிள்ளைகளில் 12 வயதுப் பையன் ஒருவனிடம் தேங்காய் ஒன்று 35 குருசேரோ. நான்கு தேங்காய் வேண்டும் என்றதும், மூன்றுக்கு 105, இன்னும் ஒன்றைச் சேர்த்தால் 140 என்று வாயாலேயே போட்டுச் சொன்னான். பிற்பாடு அதே பையனிடம் தாளைக் கொடுத்து 35 பெருக்கல் 4 என்றார்கள். நாலஞ்சு இருபது, கையில் ரெண்டு, அந்த ரெண்டையும் மூன்றையும் முதலில் கூட்டி ஐந்து, அதை நாலால் பெருக்கி இருபது. விடை 200 என்று எழுதினான். சந்தையில் 140க்கு விற்ற தேங்காய் தாளில் 200 ஆனது அவனை உறுத்தவில்லை.

அந்தப் பிள்ளைகள் சந்தையில் சொன்ன விடைகளில் 98 சதவீதம் சரி. தாளில் வெறும் எண்களாகக் கொடுத்தபோது 37 சதவீதம். அதே எண்களை ஒரு சிறு கதைக்குள் வைத்து வாக்கியக் கணக்காகக் கேட்டபோது 74 சதவீதம். இந்த மூன்றாவது எண்ணைத்தான் நான் ஆசிரியர் கூட்டங்களில் திரும்பத் திரும்பச் சொல்வேன். கதை குழந்தைக்குப் பாரம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். கதை கண்முன் தெரிந்தால் அது குழந்தைக்குத் துணை.

நம் நாட்டிலும் இதைப் பார்த்திருக்கிறார்கள். 2019இல் பொருளாதார நோபல் பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டூஃப்லோவும் மற்ற ஆய்வாளர்களோடு சேர்ந்து கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் 1,436 பிள்ளைகளை ஆராய்ந்தார்கள். 2025 பிப்ரவரியில் ‘நேச்சர்’ இதழில் அது வெளியானது. கிலோ 20 ரூபாய்க்கு விற்கும் உருளைக்கிழங்கில் 800 கிராம், கிலோ 15 ரூபாய்க்கு விற்கும் வெங்காயத்தில் 1.4 கிலோ. இரண்டும் சேர்ந்து எவ்வளவு? இந்தாருங்கள் 200 ரூபாய் நோட்டு. பிள்ளைகள் 163 ரூபாய் பாக்கியை எண்ணிக் கொடுத்தார்கள். எண்ணிப் பாருங்கள், நான்கு படிக் கணக்கு அது. அதே பிள்ளைகளில் பலர் பள்ளிப் பாணியில் தாளில் கொடுத்த எளிய கழித்தலிலும் வகுத்தலிலும் தடுமாறினார்கள். பள்ளிக்கு மட்டும் போகும் பிள்ளைகளோ தாள் கணக்கைப் போட்டுவிட்டுச் சந்தைக் கணக்கில் திணறினார்கள். சந்தைக்கும் பள்ளிக்கும் நடுவே பாலம் போட வேண்டிய பொறுப்பு வாக்கியக் கணக்கினுடையது. அதைப் பரீட்சைக்கு ஐந்து மதிப்பெண் கேள்வியாக மட்டும் வைத்திருக்கிறோம்.

சிங்கப்பூர் இதற்கு ஒரு வழி கண்டது. 1980களின் தொடக்கத்தில் அங்கேயும் இதே கவலைதான்: குறிச்சொல் இல்லாத கணக்கைப் பார்த்தால் பிள்ளைகள் நின்றுவிடுகிறார்கள். கோ டெக் ஹாங் என்பவர் தலைமையிலான பாடத்திட்டக் குழு, கணக்கைப் பட்டைகளாக வரைய வைத்தது. கதைக்கும் எண்ணுக்கும் நடுவில் ஒரு படம். அங்குள்ள தமிழ்ப் பிள்ளைகளும் இந்தப் பட்டைகளை வரைந்துதான் கணக்குப் படிக்கிறார்கள்.

நம் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ‘மீனாவிடம் 24 கோலிகள் உள்ளன. அது ராணியிடம் இருப்பதைவிட 6 அதிகம். இருவரிடமும் சேர்த்து எத்தனை கோலிகள்?’ வகுப்பில் பாதிப் பேர் ‘அதிகம்’ என்ற சொல்லைக் கண்டதும் 24உடன் 6ஐக் கூட்டி ராணிக்கு 30 கொடுத்துவிடுவார்கள். பிறகு 54 என்று முடிப்பார்கள். இப்போது மீனாவுக்கு ஒரு நீளப் பட்டை வரையச் சொல்லுங்கள், 24. அதன் கீழே ராணிக்கு ஒரு பட்டை. அதை வரையும்போதே குழந்தை கேட்க வேண்டியிருக்கிறது: யாருடையது குட்டை? ராணியுடையது. எவ்வளவு குட்டை? 6. அப்படியென்றால் ராணியிடம் 18, சேர்த்து 42. பட்டை வரைந்த பிறகு ‘அதிகம்’ என்ற சொல்லால் யாரையும் ஏமாற்ற முடியாது.

எழுதும் முறையிலும் ஒரு பிழையைக் கண்டும் காணாமல் விடுகிறோம். 4 × 30 = 120 − 8 = 112 × 6 = 672 என்று ஒரே மூச்சில் ரயில் பெட்டிபோல் கோத்து எழுதும் பழக்கம். விடை சரியாக இருப்பதால் சரி போட்டுவிடுகிறோம். ஆனால் அந்த வரி 4 × 30ம் 672ம் சமம் என்று சொல்கிறது. சமக்குறியை ‘அடுத்து வருவது’ என்று புரிந்துகொண்டு மேல் வகுப்புக்குப் போகும் குழந்தை, இயற்கணிதத்தில் x வந்ததும் தடுக்கி விழும். மூன்று படிக்கு மூன்று வரி. ஒவ்வொரு வரியின் பக்கத்திலும் அது என்ன என்று எழுத வேண்டும்: வாங்கிய முட்டை 120, நல்ல முட்டை 112, கிடைத்தது 672 ரூபாய். எண்ணைத் தனியாக விடக் கூடாது. திண்ணைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எண்சுவடியோடு நெல்லிலக்கமும் படித்தார்கள். நாழி, குறுணி, பதக்கு, தூணி, கலம் என்று எண்ணோடு அளவும் சேர்ந்தே அவர்கள் வாயில் வந்தது. காரிநாயனாரின் ‘கணக்கதிகாரம்’ பலாப்பழத்தை வெட்டாமலே உள்ளே எத்தனை சுளை என்று கணக்கிட வழி சொல்கிறது. பொருளோடு ஒட்டிய கணக்கு நமக்குப் புதிதில்லை.

அன்று சாயங்காலம் அந்தப் பெண்ணை அத்தோடு அனுப்பிவிடவில்லை. “ஒரு தட்டு 150 ரூபாய்க்கு வாங்கியிருந்தா அவருக்கு லாபமா நஷ்டமா?” என்று கேட்டேன். விரலை மடக்கினாள். 600 ரூபாய் போட்டு வாங்கினார், 672 வந்தது, 72 ரூபாய் லாபம். கொஞ்ச நேரம் கழித்து அவளாகவே சொன்னாள்: “எட்டு முட்டை உடையாம இருந்தா இன்னும் நாப்பத்தெட்டு ரூவா கிடைச்சிருக்கும்ல டீச்சர்?” இந்தக் கேள்வியைப் புத்தகமும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை பிள்ளை வைத்திருக்கும் அம்மா அப்பாக்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்று ராத்திரி குழந்தை நோட்டை நீட்டி “கூட்டலா, கழித்தலா?” என்று கேட்டால் தயவுசெய்து பதில் சொல்லிவிடாதீர்கள். பென்சிலை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, “என்ன நடந்துச்சு, சொல்லு” என்று கேளுங்கள். பத்து கணக்குப் போட வேண்டிய நேரத்தில் இரண்டுதான் முடியும். பரவாயில்லை, இரண்டு போதும்.