கோழிக் கொட்டகைக்குத் தானியங்கி விளக்கு

தீவனத்தில் குறையில்லை, தடுப்பூசி தவறவில்லை, நோயின் அறிகுறியும் இல்லை. ஆயினும் முட்டை நாளுக்கு நாள் குறைகிறது என்று சிறு பண்ணையாளர்கள் சிலர் கவலைப்படுவதுண்டு. அந்த வேளையில் பார்க்க வேண்டியவற்றுள் ஒன்று கொட்டகை விளக்கு. 500 முட்டைக் கோழிகள் உள்ள பண்ணையில் 100 கோழிக்கு 10 முட்டை வீதம் குறைந்தால் நாளொன்றுக்கு 50 முட்டை நட்டம். தீவனச் செலவோ குறைவதில்லை.

ஒளியும் முட்டையும்

ஒளி, கோழியின் கண் வழியாக மட்டுமன்றி மண்டை ஓட்டையும் ஊடுருவி மூளையைத் தூண்டுகிறது. அதனால் பிட்யூட்டரி சுரப்பி இயங்கி, சினைப்பையில் கருக்கள் முதிர்கின்றன. முட்டையிடும் கோழிக்கு நாளொன்றுக்கு 16 மணி நேர ஒளி போதுமானது. மீதி 8 மணி நேரம் இருளும் ஓய்வும் தேவை. நாமக்கல் பகுதியில் பகற்பொழுது டிசம்பரில் சுமார் 11½ மணி நேரமும், ஜூனில் சுமார் 12¾ மணி நேரமும் உள்ளது. குறைவதை விளக்கினால் ஈடு செய்ய வேண்டும்.

வளரும் கோழிக்கு இது பொருந்தாது. திறந்த கொட்டகையில் 16 வாரம் வரை இயற்கைப் பகலொளியே போதும். உடல் எடை கூடுமுன் ஒளியைக் கூட்டினால் முட்டை சிறுக்கும். குடல் தள்ளும் கேடும் நேரலாம். சுமார் 18-வது வாரத்தில், தக்க எடை இருப்பதைப் பார்த்து, வாரத்திற்கு அரை மணி வீதம் ஒளியைக் கூட்டி 16 மணிக்குக் கொண்டு வர வேண்டும். காலையில் கால் மணி, மாலையில் கால் மணி எனப் பிரித்துக் கொள்வது எளிது. முட்டையிடத் தொடங்கிய பின் எக்காரணம் கொண்டும் ஒளி நேரத்தைக் குறைக்கலாகாது. குறைத்தால் கோழி இறகு உதிர்க்கும், முட்டையும் நிற்கும்.

விளக்குகளை அமைக்கும் முறை

ஆழ்கூள முறையில் 500 கோழிக்கு 20 அடி அகலம், 50 அடி நீளமுள்ள கொட்டகை என்று கொள்வோம். வரிசைக்கு 5 வீதம் இரண்டு வரிசையில் 10 பல்புகள் வேண்டும். பல்புக்குப் பல்பு 10 அடி, சுவரிலிருந்து 5 அடி, தரையிலிருந்து 7 அடி இடைவெளி இருக்கட்டும். முன்பு இதற்கு 40 வாட் குண்டு பல்பு போட்டனர். இன்று 5 வாட் எல்.இ.டி. பல்பு ஏறக்குறைய அதே வெளிச்சம் தருகிறது. நாளொன்றுக்கு 5½ மணி நேரம் எரித்தால், குண்டு பல்புக்கு மாதம் 66 யூனிட் செலவாகும், எல்.இ.டி.க்கு 8¼ யூனிட்தான்.

தீவனத் தொட்டியின் அருகே குனிந்து செய்தித்தாளைப் படிக்க முடிந்தால் வெளிச்சம் போதும். மிகுந்த வெளிச்சத்தில் கோழிகள் ஒன்றையொன்று கொத்தும்.

பத்து பல்புகளையும் ஒரே சுவிட்சில் இணைக்காமல், ஒன்றுவிட்டு ஒன்றாக இரு பிரிவாக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு டைமர் வைப்பது நல்லது. காலை 4 மணி முதல் 7 மணி வரை இரண்டும் எரியட்டும். மாலை 5.30 மணிக்கு இரண்டும் எரியத் தொடங்கி, முதற் பிரிவு 7.40-க்கும் இரண்டாவது 8 மணிக்கும் அணையட்டும். வெளிச்சம் பாதியானதும் கோழிகள் ஒதுங்கி அமர்ந்துவிடும். திடீரென இருண்டால் மிரண்டு ஒன்றன் மேல் ஒன்றாக விழும். இந்த நேரங்கள் விடியலையும் அந்தியையும் சற்று தழுவி நிற்பதால், பருவம் மாறினாலும் டைமரைத் திருத்த வேண்டியதில்லை.

மின்வெட்டு செய்யும் கேடு

டைமரை மாட்டிவிட்டோம், இனிக் கவலையில்லை என்று இருப்பது தவறு. முள் வைத்த சாதாரண டைமர் மின்சாரத்தில் ஓடும் கடிகாரமே. 2 மணி நேரம் மின்சாரம் நின்றால் அதுவும் 2 மணி நேரம் பின்தங்கும். மாலை 5.30-க்கு எரிய வேண்டிய விளக்கு 7.30-க்குத்தான் எரியும். கோழிக்கு நடுவில் இருட்டு. பின் இரவு 10 மணி வரை வெளிச்சம். விளக்கு தினமும் எரிவதால் பண்ணையாளர் கண்ணில் இது படாமலே போகலாம். எனவே உள்ளே பேட்டரி உள்ள எண் காட்டும் டைமரை வாங்குவது நலம். பழைய டைமர் இருந்தால், மின்வெட்டு முடிந்ததும் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சரி செய்ய வேண்டும்.

பத்து பல்புக்கும் சேர்த்து 50 வாட்தான். சிறிய இன்வெர்ட்டருக்கு இது பாரமே அல்ல. டைமர் பழுதானால் கையால் போடுவதற்கு ஒரு தனிச் சுவிட்சும் இருக்க வேண்டும்.

வெளிச்சத்தை உணர்ந்து இயங்கும் சுவிட்சு பொருத்துவோர், அதைக் கொட்டகைக்கு வெளியே, பல்பின் ஒளி படாத இடத்தில் வைக்க வேண்டும். ஒளி பட்டால் விளக்கு எரிவதும் அணைவதுமாக இருக்கும். நள்ளிரவில் விளக்கை நிறுத்த அதனுடன் டைமரும் தேவை.

பராமரிப்பு

கொட்டகைத் தூசு பல்பில் படிந்து வெளிச்சத்தைக் குறைக்கும். வாரம் ஒரு முறை மின்சாரத்தை நிறுத்தி, உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். எலி கடிக்காதபடி ஒயரைக் குழாய்க்குள் செலுத்துவதும், எர்த் இணைப்பும், கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சும் அவசியம். இவ்வேலையை உரிமம் பெற்ற வயர்மேனிடமே ஒப்படைக்க வேண்டும்.

முட்டைக் கணக்கு நோட்டில் விளக்கு எரிந்த நேரத்திற்கும் மின்வெட்டிற்கும் ஒரு பத்தி ஒதுக்கலாம். முட்டை குறையும் நாளில், மருந்துக் கடைக்குப் போகுமுன் அந்தப் பத்தியைப் புரட்டிப் பார்த்தால், வீண் செலவு தவிரும்.