கொல்லிமலை விசையுந்துக் குழுப் பயணம்

கொல்லிமலை விசையுந்துக் குழுப் பயணம் என்பது சேலம், நாமக்கல் சமவெளி ஊர்கள் வழியாகச் சென்று, காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட மலைச்சாலையில் பலர் சேர்ந்து விசையுந்துகளில் (மோட்டார் சைக்கிள்களில்) மேற்கொள்ளும் பயணத்தைக் குறிக்கும். அருகிலுள்ள ஏற்காட்டிற்குச் சேலத்திலிருந்து செல்லும் சாலையில் 20 வளைவுகளே உள்ளன.

வழி

சேலத்திலிருந்து வருவோர் இராசிபுரம், பேளுக்குறிச்சி, காளப்பநாயக்கன்பட்டி வழியாகவும், நாமக்கல்லிலிருந்து வருவோர் சேந்தமங்கலம் வழியாகவும் காரவள்ளியை அடைவர். வழிநெடுக மரவள்ளி, மஞ்சள் வயல்களைக் காணலாம். பேளுக்குறிச்சி வாரச்சந்தை மிளகு முதலிய மளிகைப் பொருள்களுக்குப் பெயர் பெற்றது. வளைவுகளை எண்ணும் ஆவலில் பலர் இவ்வூரை நில்லாமல் கடந்துவிடுகின்றனர், இது இழப்பே.

மலைச்சாலை சோளக்காட்டில் மேல்தளத்தை அடைகிறது. அங்கிருந்து செம்மேடு, அறப்பளீசுவரர் கோயில், ஆகாய கங்கை அருவி ஆகியவற்றிற்குச் செல்லலாம். அருவிக்கு ஆயிரத்திற்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். அவற்றில் மீண்டும் ஏறிக் களைத்தவர் உடனே வண்டியை எடுக்காமல் ஓய்வெடுப்பது நல்லது.

இறக்கம்

ஏறுவதைவிட இறங்குவதே கடினமானது. தொடர்ந்து பிரேக்கை அழுத்தினால் அது சூடேறும். டிரம் பிரேக்கில் உராய்வு குறையும். டிஸ்க் பிரேக்கில் திரவம் கொதித்துப் பிடிப்பு அற்றுப்போகலாம். ஆகவே முதல் அல்லது இரண்டாம் கியரில், இயந்திரத்தின் இழுவையே வேகத்தைத் தடுக்கும்படி இறங்க வேண்டும். பெட்ரோலை மிச்சப்படுத்த இயந்திரத்தை நிறுத்திவிட்டு உருண்டு இறங்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. இதனால் மிஞ்சுவது சில ரூபாய். இழப்பது இயந்திரத்தின் தடுப்பாற்றல் முழுவதையும்.

குழுவாகச் செல்கையில் நேர்சாலையில் இடம் வலமாகச் சற்று விலகியும், வளைவுகளில் ஒருவர் பின் ஒருவராகவும் செல்வர். அனுபவம் மிக்கவர் ஒருவர் முன்னும் மற்றொருவர் கடைசியிலும் வருவார். முன்செல்பவரைப் பிடிக்க விரையும் புதியவரே பெரும்பாலும் வளைவில் தடுமாறுகிறார். எனவே குழுவின் வேகத்தை மெதுவாக ஓட்டுபவரே முடிவு செய்ய வேண்டும். வளைவுகளுக்கு எண் இடப்பட்டிருப்பதால், இன்ன எண்ணில் காத்திருப்பது என முன்பே பேசிக்கொள்ளலாம்.

இறங்கும் வண்டி ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது இந்தியச் சாலை விதி. பேருந்தோ சரக்குந்தோ திரும்பும்போது வளைவின் முழு அகலமும் அதற்குத் தேவைப்படும். மலைவாழ் மலையாளி மக்கள் அன்னாசி, பலா, மிளகு ஆகியவற்றைச் சந்தைக்குக் கொண்டு செல்வதும், நோயாளியை நாமக்கல்லிற்கு அழைத்துச் செல்வதும் இச்சாலையில்தான். வளைவின் நடுவே வண்டிகளை நிறுத்திப் படம் எடுப்பது இவர்களுக்கே முதலில் இடையூறாகிறது.

காலம்

மழைக்காலத்தில் பாறைகள் சரிவதுண்டு. ஆடி 18-ஐ ஒட்டி வல்வில் ஓரி விழா நடைபெறுவதால் அந்நாள்களில் சாலையில் நெரிசல் மிகும். முள்ளுக்குறிச்சி வழியாகவும் மலைக்கு ஒரு சாலை உள்ளது.